ஆனி, ஆடியில் கோவளம் பக்கம் கயாக் மீன்பிடி: காத்து மாறினா நாலு பேரும் எப்படிக் கரை சேர்றது?

துடுப்பு மணி:

வணக்கம். சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவுல தை முதல் பங்குனி வரைக்கும் மீன் பிடிக்கிற நாலு பேர் குழு எங்களோடது. 12 அடி துடுப்பு கயாக் மூணு, 13 அடி பெடல் கயாக் ஒண்ணு. நாலுமே மேல உட்கார்ற வகை. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டு, ஃபிஷ் ஃபைண்டர் ஒருத்தர்கிட்ட மட்டும். காலை 5.30க்கு இறங்கி, கரையிலிருந்து 3 கி.மீ. தள்ளி 15 மீட்டர் ஆழத்துல பாறைக்கு ஜிக் (கனமான உலோகச் செயற்கை இரை) போடுவோம். போகும்போதும் வரும்போதும் வஞ்சிரம், சீலாவுக்கு ட்ரோலிங் (தூண்டிலைப் பின்னாடி இழுத்துக்கிட்டே போறது). 10.30க்குக் கரை.

இதையே ஆனி, ஆடியிலயும் தொடரலாமான்னு யோசனை. கேள்விகள் இவை. காத்து எவ்வளவு இருந்தா இறங்கக்கூடாது, நடுக்கடல்ல மாறினா எப்போ திரும்பணும்? மீன் கிடைக்கிற இடத்துல நங்கூரம் போட்டு நிக்கலாமா? (இப்போ 1.5 கிலோ மடக்கு நங்கூரத்தைப் பக்கவாட்டுக் கைப்பிடியில கட்டுறோம்.) நாலு பேரோட வேகமும் ஒண்ணா இல்ல, ஒருத்தர் பின்தங்கினா என்ன செய்யணும்? கரை ஏறும்போது அலையில கவிழாம இருக்க என்ன வழி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாடைக்காத்து:

மணி, மாசி பங்குனியில பழகின கணக்கு ஆனியில தலைகீழா மாறிடும். மாசியில 11 மணிக்கு மேல வர்ற காத்து தென்கிழக்கு. நீங்க சொதப்பினாலும் அது உங்களைக் கரைப் பக்கமாத்தான் தள்ளும். ஆனி, ஆடியில காலையில அடிக்கிறது மேலைக்காத்து. அது உங்களைக் கடலுக்குள்ள தள்ளும். கச்சான்னு சொல்றதும் பெரும்பாலும் இதைத்தான், ஆனா பேர் குப்பத்துக்குக் குப்பம் மாறும். அதனால படகுக்காரர்கிட்ட பேரைக் கேக்காம, எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்னு கேளுங்க.

இந்தக் காத்துல ரெண்டு ஏமாத்து வேலை இருக்கு. ஒண்ணு, கரையில நின்னா அது தெரியாது. சவுக்குத்தோப்பும் கட்டடங்களும் மறைச்சிடும், கரையிலிருந்து முதல் 200, 300 மீட்டர் கடல் குளம் மாதிரி இருக்கும். அதோட, கரையிலிருந்து பார்க்கிறப்போ உங்க கண்ணுக்குப் படுறது அலையோட முதுகு. நுரைக்கிற முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். 2 கி.மீ. போய்த் திரும்பிப் பார்த்தாத்தான் கடல் முழுக்க வெள்ளையா நுரைச்சிருக்கிறது தெரியும். இறங்கறதுக்கு முன்னாடி அலையைப் பார்க்கிறதை விட சவுக்கு மரத்தோட உச்சியைப் பாருங்க. வெளியில கட்டியிருக்கிற வலைக்கொடி கண்ணுக்குத் தெரிஞ்சா அது எந்தப் பக்கம் விறைச்சு நிக்குதுன்னு பாருங்க.

ரெண்டாவது நேரம். விடியற்காலையில 5, 6 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கி.மீ.) இருக்கிற காத்து 7.30க்கும் 9.30க்கும் நடுவுல 12, 15 நாட் ஆயிடும். ராத்திரி தரை குளிர்ந்து கிடக்கும்போது மேல ஓடுற பலமான காத்து கீழ இறங்காது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல் காத்தும் கீழ்க் காத்தும் கலந்து அந்த வேகம் அப்படியே தண்ணிமட்டத்துக்கு வரும். விண்டி செயலியில இதை முந்தின நாளே பார்க்கலாம். வலது பக்கம் உயரப் பட்டி இருக்கும், அதை 600 மீட்டருக்கு நகர்த்துங்க. காலை 5 மணிக்குத் தரைமட்டத்துல 6 நாட், 600 மீட்டர்ல மேற்கிலிருந்து 25 நாட்னு இருந்தா 8 மணிக்குக் கடல் எப்படியிருக்கும்னு கணக்குப் போட்டுக்கலாம். அன்னிக்கு வீட்ல இட்லி சாப்பிடுங்க.

கடல்காத்து வந்து நம்மளத் தள்ளிவிடும்னும் நம்பாதீங்க. சித்திரையில 11, 12 மணிக்கு வர்றது ஆடியில 2, 3 மணி வரைக்கும் இழுத்தடிக்கும். சில நாள் வரவே வராது.

இப்போ தூரம். நிதானமா துடுப்புப் போட்டா மணிக்கு 4.5 கி.மீ. போவீங்க, 3 கி.மீ.க்கு 40 நிமிஷம். எதிர்க்காத்து 12, 15 நாட் ஆனா அது 2, 2.5 ஆயிடும். அதே தூரத்துக்கு 75லிருந்து 90 நிமிஷம், அதுவும் நிறுத்தாம. நடுவுல ஒரு நிமிஷம் தண்ணி குடிக்க நின்னா வந்த தூரத்துல கொஞ்சத்தைக் காத்து திருப்பி எடுத்துக்கும். 20 நாட்ல நம்மளைப் போல பலபேர் நின்ன இடத்துலயே துடுப்புப் போட்டுட்டு இருப்போம். இதெல்லாம் வெறும் கயாக் கணக்கு. ஐஸ் பெட்டி, நாலு ராடு (தூண்டில் கம்பு), முதுகுக்குப் பின்னாடி கொடி எல்லாம் காத்து பிடிக்கும்.

அதனால ஆனி, ஆடிக்கு 3 கி.மீ. வேண்டாம், 1.2 போதும். இன்னொண்ணு, கரையிலிருந்து 500 மீட்டர் போனதும் நாலு பேரும் கரையைப் பார்த்துத் திரும்பி, வழக்கமான வேகத்துல ரெண்டு நிமிஷம் துடுப்புப் போடுங்க. வாட்ச்சிலயோ ஃபிஷ் ஃபைண்டர்லயோ வேகத்தைப் பாருங்க. நாலு பேர்ல மெதுவானவருக்கு 3 கி.மீ.க்குக் கீழ காட்டினா அன்னிக்கு அவ்வளவுதான். வெளிய போறதுக்கு முன்னாடியே திரும்பி வர்ற வேகம் கையில இருக்கும். இதே சோதனையை அரை மணிக்கு ஒரு தடவை செய்யுங்க. வேகம் முதல் தடவையை விட கால் பங்கு குறைஞ்சா மீன் கடிச்சாலும் தூண்டிலைச் சுருட்டிக் கிளம்பணும். அலை உச்சியில அங்கங்க நுரை தெரிய ஆரம்பிச்சா காத்து 10 நாட்டைத் தொட்டாச்சு. உங்க குழுவுக்கு அதுதான் கோடு.

நீரோட்டத்தையும் சேர்த்துக்கணும். இந்தக் கரையில மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் வெள்ளம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில வடக்கிலிருந்து தெற்கே. அப்போ கடலுக்கே போகமாட்டீங்கன்னு நம்புறேன். போகும்போது வெள்ளத்துக்கு எதிரா, அதாவது தென்கிழக்கா ஏறிப் போய், மிதந்துக்கிட்டே பிடிச்சுட்டு இறங்கின இடத்துக்கு வாங்க. களைச்சுப்போன நேரத்துல வெள்ளம் நம்ம பக்கம் இருக்கணும்.

ஹேட்ச் மூடி:

காற்றைப் பற்றி மேலே சரியாகச் சொல்லிவிட்டார். நான் நங்கூரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மணி எழுதியதில் மிக ஆபத்தானது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

பக்கவாட்டுக் கைப்பிடியில் நங்கூரம் கட்டவே கூடாது. கயிறு நடுப்பக்கத்தில் இழுக்கும்போது கயாக் அலைக்குக் குறுக்கே நிற்கும். நீரோட்டம் கயிற்றைக் கீழே இழுக்க, அலை மறுபக்கத்தைத் தூக்க, கவிழ்வதற்குச் சில நொடிகள் போதும். முனையிலோ பின்முனையிலோதான் இழுவை இருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை அங்கே எட்டாது, அதற்காகத்தான் ஆங்கர் ட்ராலி. கயாக்கின் ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் சின்ன கப்பி ஒவ்வொன்று, அவற்றின் வழியாக 5 மி.மீ. கயிறு ஒரு வளையமாக ஓடும், அதில் ஒரு ஸ்டீல் வளையம். நங்கூரக் கயிற்றை வளையத்தில் விட்டு, வளையத்தை இழுத்து முனைக்கு அனுப்பிவிடலாம். அலை இருந்தால் முன்முனை. கடல் தட்டையாக இருந்து காற்றுக்கு முதுகைக் காட்டி மீன் பிடிக்க வேண்டுமென்றால் பின்முனை.

கயிறு ஆழத்தின் மூன்று மடங்காவது வேண்டும்: 15 மீட்டருக்கு 45 மீட்டர். அலை நாளில் ஐந்து மடங்கு. கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே 6 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டர். சங்கிலி இல்லாவிட்டால் நங்கூரம் மணலில் படுக்காமல் இழுபட்டுக்கொண்டே வரும். அதன் பிறகு "1.5 கிலோ போதவில்லை, 3 கிலோ வாங்கலாமா" என்று கேட்பீர்கள். வேண்டாம், சங்கிலி போடுங்கள்.

பாறைத்திட்டில் சிக்காமல் இருக்க ஒரு வழி. சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் மாட்டாதீர்கள். அடிப்பக்கத் துளையில் ஷேக்கிள் போட்டு மாட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் 2.5 மி.மீ. அகலக் கேபிள் டை ஒன்றால் கட்டுங்கள். சாதாரண இழுவைக்கு அது தாங்கும். நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால், கயாக்கை அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்தால் டை அறுந்துபோகும். பிறகு இழுவை அடிப்பக்கத்திலிருந்து வருவதால் கொக்கி பின்பக்கமாகக் கழன்று வந்துவிடும். பையில் பத்து டை வைத்திருங்கள். தடிமனான டை போட்டால் இந்த ஏற்பாடே வீண், அது அறுந்து தொலையாது.

கயிற்றின் உங்கள் பக்க நுனியை முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. ஒரு மிதவையில் கட்டி, இழுத்தால் கழலும் கிளீட்டில் (கயிறு பிடிக்கும் கொண்டி) மாட்டுங்கள். பெரிய மீன் மாட்டி இழுத்தாலும், ஃபைபர் படகு நேரே வந்தாலும், காற்று திரும்பினாலும் ஒரே இழுப்பில் கழற்றி மிதவையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நகரலாம், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ.க்கு மேல் போனால் நங்கூரமே வேண்டாம், முன்முனையைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். அப்போது டிரிஃப்ட் சாக் (தண்ணீருக்குள் விரிந்து வேகத்தைக் குறைக்கும் துணிப் பை). வாய் 60 முதல் 75 செ.மீ. விட்டம் உள்ளது 12 அடி கயாக்குக்குச் சரி. மிதக்கும் வேகம் பாதியளவுக்குக் குறையும். அதையும் ட்ராலி வழியாக முனைக்கே அனுப்புங்கள்.

அடுத்தது, யாரும் கேட்காத கேள்வி: கயாக்கின் வயிற்றுக்குள் தண்ணீர். பின்தங்குகிறவர் பல சமயம் பலவீனமானவர் இல்லை, அவர் கயாக்கில் பத்து லிட்டர் தண்ணீர் இருக்கும். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோ ஓரிடத்தில் நிற்காது. கயாக் இடப்பக்கம் சாய்ந்தால் எல்லாமே இடப்பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். இடுப்பை ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்று சத்தம் வந்தால் உடனே பம்ப். பின்முனை வழக்கத்தை விடத் தாழ்ந்து இருக்கிறதா என்று பக்கத்தில் வருகிறவர்தான் பார்த்துச் சொல்ல முடியும், உங்களுக்குத் தெரியாது.

தண்ணீர் புகும் இடங்களைச் சந்தேக வரிசையில் சொல்கிறேன். முன் ஹேட்ச் ரப்பரில் ஒட்டியிருக்கும் மணல். ராடு ஹோல்டருக்கு நீங்களே போட்ட திருகுகள் (சிலிகான் போதாது, கடல்சார் சீலன்ட் வேண்டும்). ஃபிஷ் ஃபைண்டர் ஒயர் நுழையும் துளை. கடைசியாக ஸ்கப்பர் துளையின் (மேல்தளத்துத் தண்ணீர் கடலுக்கு வடியும் துளை) உள்விளிம்பில் விழும் மயிரிழைக் கீறல். ஸ்கப்பருக்குள் குழாயைச் செருகித் தூக்கும் வகை தள்ளுவண்டி வைத்திருந்தால் கட்டாயம் பாருங்கள். மணலில் இழுக்கும்போது முழு எடையும் அந்த விளிம்பில்தான் விழுகிறது. சோதனை எளிது: வீட்டில் கயாக்கை உயர்த்தி வைத்து, வடிகால் துளை வழியே இரண்டு வாளித் தண்ணீர் உள்ளே ஊற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

துடுப்பு மணி:

நன்றி ரெண்டு பேருக்கும். எங்க வண்டி ஸ்கப்பர்ல செருகுறதுதான், இன்னிக்கே பார்க்கிறேன். வேகம் ஒத்துப்போகாத பிரச்சினையும் அலையில ஏறி இறங்குறதும் இன்னும் பாக்கி. ஒருத்தர் கவிழ்ந்தா மத்தவங்க என்ன செய்யணும்னும் சொல்லுங்க.

கட்டுமரம் 77:

அலை பத்தி நான் சொல்றேன் தம்பி.

இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு நிறுவனம்) போடுற அலை உயரத்தை மட்டும் பார்த்து இறங்காதீங்க. பக்கத்துல நொடி கணக்கு போட்டிருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கிற நேரம், அதுதான் விஷயம். ஒரு மீட்டர் அலை, 5 நொடின்னா கடல் சொரசொரன்னு இருக்கும், உடம்பு நனையும், அவ்வளவுதான். 0.7 மீட்டர், 14 நொடின்னா வெளிய கண்ணாடி மாதிரி இருக்கும், கரையில வந்து எழும்பி மடார்னு உடையும். அது தெற்கே இந்துமாக் கடல்ல எங்கயோ அடிச்ச புயலோட அலை. இங்க காத்தே இருக்காது. கள்ளக்கடல்னு எச்சரிக்கை விடறாங்க பாருங்க, அந்த ஜாதி. சித்திரை, வைகாசியில அதிகம்.

பெரிய அலை கூட்டமாத்தான் வரும். நாலஞ்சு பெருசா வந்துட்டு அப்புறம் அடங்கும். இறங்கறதுக்கு முன்னாடி 15 நிமிஷம் சும்மா உட்கார்ந்து எண்ணுங்க. 15 நிமிஷத்துல வந்ததுல பெரிய அலை உங்க மார்புக்கு மேல இருந்தா வீட்டுக்குப் போங்க. பெரிய கூட்டம் முடிஞ்ச உடனே தள்ளி ஏறுங்க, முனை அலைக்கு நேரா இருக்கணும், அலை வர்ற நேரத்துல துடுப்பை நிறுத்தக்கூடாது. ஏறி உட்கார்ந்த பிறகு ராடை சரி பண்ணறது, தொப்பியைக் கட்டறதெல்லாம் அலையைத் தாண்டின அப்புறம்.

ராடு எதுவும் நட்டு வெச்சிருக்கக் கூடாது. ஹேட்ச்சுக்குள்ள போகணும், இல்லன்னா படுக்க வெச்சுக் கட்டணும். கொக்கி வெளிய தெரியக் கூடாது. அலையில உருளும்போது ட்ரெபிள் கொக்கி (மூணு முனைக் கொக்கி) தேடுறது உங்க தொடையைத்தான். துடுப்புக் கயிறு, ராடு கயிறு எல்லாத்தையும் அவுத்துடுங்க. வெளிய அது காப்பாத்தும், அலைக்குள்ள அது கழுத்தைச் சுத்தும்.

திரும்பி வர்றப்போ உடையிற இடத்துக்கு 50 மீட்டர் முன்னாடி நாலு பேரும் நில்லுங்க. சேர்ந்து வராதீங்க. கரையேறத் தெரிஞ்சவர் முதல்ல. அவர் ஏறினதும் கயாக்கை இழுத்துப் போட்டுட்டு முழங்கால் தண்ணியில நிக்கணும். வெளிய இருக்கிறவங்களுக்குப் பின்னாடி வர்ற அலை தெரியாது, கரையில நிக்கிறவருக்குத் தெரியும். அவர் துடுப்பை நிமிர்த்திப் பிடிச்சா வா, படுக்க வெச்சுப் பிடிச்சா நில்லு. பலவீனமானவர் ரெண்டாவதோ மூணாவதோ வரணும், கடைசி ஆளும் விவரம் தெரிஞ்சவரா இருக்கணும்.

அலை உடைஞ்சு உங்களைத் தாண்டினதும் அதோட முதுகுல ஒட்டிக்கிட்டே துடுப்புப் போட்டு வாங்க. அடுத்தது பிடிச்சு, கயாக் குறுக்கே திரும்பிட்டா உடம்பைக் கடல் பக்கம், அதாவது அலைக்குள்ள சாய்ங்க. எல்லாரும் பயத்துல கரைப் பக்கம் சாய்வாங்க, உடனே கவிழும். இறங்கறதும் கடல் பக்கமாத்தான். கயாக்குக்கும் கரைக்கும் நடுவுல நின்னுடாதீங்க. 30 கிலோ கயாக் மேல தண்ணி நிரம்பி அலையோட வந்தா முட்டியை உடைச்சிடும்.

நம்ம கரை சரிவு. ஏத்தம் (கடல் தண்ணி ஏறியிருக்கிற நேரம்) இருக்கும்போது அலை நேரா மணல் மேட்டுலயே விழும், அது மோசம். பாதித் தண்ணியில வந்தா கொஞ்சம் தள்ளியே உடைஞ்சு வலு குறைஞ்சு வரும். ரொம்ப அடிச்சா வேற இடம் பாருங்க. தெற்கிலிருந்து அலைன்னா தூண்டில் வளைவோட (கடலுக்குள்ள நீட்டிப் போட்ட கல் தடுப்பு) வடபக்கம் அடங்கியிருக்கும். கல்லை ஒட்டிப் போகாதீங்க, அங்க கடலுக்குள்ள இழுக்கிற ஓட்டம் இருக்கும். முட்டுக்காடு முகத்துவாரம் திறந்திருந்தா வத்து நேரத்துல (கடல் தண்ணி இறங்கறப்போ) அந்த வாய்ப் பக்கமே போகாதீங்க. உள்ளிருந்து ஓடி வர்ற தண்ணி எதிர்ல வர்ற அலையை முட்டி செங்குத்தா நிறுத்தும்.

குப்பத்து ஆளுங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. கரைவலை இழுக்கிற நேரத்துல குறுக்கே போகாதீங்க. வலைக்கொடியில கயாக்கைக் கட்டிட்டு மீன் பிடிக்காதீங்க, அவங்களுக்கு அது வயித்துப் பிழைப்பு. ஜூன் 15லிருந்து தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகும் ஓடும். ஃபைபர் படகு வேகமா வர்றப்போ முன்பக்கம் தூக்கிக்கும், ஓட்டறவருக்கு நேர் எதிர்ல இருக்கிற தாழ்ந்த சாமான் கண்ணுல படாது. ஆரஞ்சுக் கொடி ஒன்னரை மீட்டர் உயரத்துல இருக்கட்டும். விடியறதுக்கு முன்னாடி வெள்ளை விளக்கு, எல்லாப் பக்கமும் தெரியற மாதிரி. நெத்தி விளக்கு போதாது.

வாடைக்காத்து:

கட்டுமரம் அண்ணன் சொன்னதுல ஒரே ஒரு இடத்துல மாறுபடுறேன். துடுப்புக் கயிறை அவுக்கிறது சரி, ஆனா உடையிற இடத்தைத் தாண்டின அடுத்த நிமிஷமே மாட்டிடணும். மேலைக்காத்துல கவிழ்ந்து துடுப்பு கை நழுவினா கயாக் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம்னு காத்து பிரிச்சிடும். நீந்தி ரெண்டையும் பிடிக்க முடியாது. முதல்ல கயாக்கைப் பிடிங்க, துடுப்பை இன்னொருத்தர் எடுத்துக்கட்டும். மடக்கு துடுப்பு ஒண்ணு குழுவுக்கு உபரியா வேணும்.

கவிழ்ந்தா ஏறுற முறை. கயாக் தலைகீழா இருந்தா, நடுவுக்கு நேரா அதோட அடிவயித்து மேல படுத்து, எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ ரெண்டு கையாலயும் பிடிச்சு, முட்டியை இந்தப் பக்க விளிம்புல ஊன்றிப் பின்னாடி சாய்ங்க, புரண்டு வரும். அப்புறம் காலை உதைச்சு உடம்பைத் தண்ணிமட்டத்துக்குக் கொண்டுவாங்க. நின்ன நிலையில மேல ஏற முயற்சி பண்ணினா கயாக் மறுபடி உங்க மேலயே கவிழும். காலை உதைச்சுக்கிட்டே வயிறு இருக்கை மேல வர்ற அளவுக்கு இழுங்க, புரண்டு உட்காருங்க, கடைசியாக் கால். வயிறு, பின்புறம், கால், இந்த வரிசை மாறக் கூடாது. இன்னொருத்தர் தன் கயாக்கை பக்கத்துல ஒட்டி நிறுத்தி எதிர்ப்பக்க விளிம்பை அழுத்திப் பிடிச்சா பாதி வேலை மிச்சம். இதை மார்பளவு தண்ணியில ஆளுக்கு அஞ்சு தடவை செய்து பார்த்துட்டு வாங்க, அதுவும் லைஃப் ஜாக்கெட்டோட. ஜாக்கெட் முன்பையில ப்ளையரும் டப்பாவும் துருத்திக்கிட்டு இருந்தா மேல ஏறவே விடாதுன்னு அப்பத்தான் தெரியும்.

பின்தங்கறதுக்கு வர்றேன். நாலு பேரை ரெண்டு ரெண்டா பிரிங்க. மெதுவானவரோட பெடல்காரர். பெடல்காரருக்குக் கால் பலம், எதிர்க்காத்துல அவர்தான் இழுவை. ஜோடி 50 மீட்டருக்குள்ள, ரெண்டு ஜோடிக்கும் நடுவுல 150 மீட்டருக்கு மேல போகக் கூடாது. எதிர்க்காத்துல விசில் சத்தம் அதுக்கு மேல கேக்காது. ஒரு ஊதல்னா என்னைப் பார், மூணுன்னா ஆபத்து.

இழுக்கிற கயிறு 15 மீட்டர், மிதக்கிற பாலிப்ரொப்பிலின், ரெண்டு பக்கமும் காரபினர், உங்க பக்கம் ஒரே இழுப்புல கழல்ற மாதிரி. 5 மீட்டர் கயிறுல இழுத்தா அலையில பின்னாடி இருக்கிறவர் வழுக்கி வந்து உங்க முதுகுல இடிப்பார். முன்னாடி இருக்கிறவரோட பின்முனை நடுவிலிருந்து பின்னாடி இருக்கிறவரோட முன்முனைக்குக் கட்டணும். இழுபடுறவர் கொஞ்சம் பின்னாடி சாய்ஞ்சு உட்கார்ந்தா கயாக் நேரா வரும், சுக்கான் இருந்தா இறக்கி விடட்டும். முடிஞ்ச வரைக்கும் அவரும் துடுப்புப் போடணும். அலை உடையிற இடம் வர்றதுக்கு முன்னாடி கயிறைக் கழற்றிச் சுருட்டிடணும்.

கரையில ஒரு ஆள் வேணும். வீட்ல இருந்தாலும் சரி, கடிகாரம் பார்க்கிறவரா இருக்கணும். இறங்கின இடம், நாலு பேர் பேர், கயாக் நிறம், திரும்புற நேரம் எழுதிக் கொடுங்க. 9 மணிக்குக் கரைன்னு சொன்னா, 9.30க்கு போன் வரலைன்னா அவர் குப்பத்துப் படகுக்காரருக்குப் பேசணும், 9.45க்குக் கடலோரக் காவல்படை 1554. அந்தப் படகுக்காரர் எண்ணை அன்னிக்குக் காலையிலயே வாங்கி வெச்சிருக்கணும். போன் உறைக்குள்ள இருந்தாலும் ஈரத் திரையில விரல் வேலை செய்யாது, அதனால அவசர எண்ணை ஒலியளவு பட்டனாலயோ குரலாலயோ அழைக்கிற மாதிரி அமைச்சுக்குங்க.

மரவாடி:

விட்டுப்போன ரெண்டு மூணு.

ஆனி, ஆடியில சாயங்காலப் பயணம் வேண்டவே வேண்டாம். மேற்கு வானத்துல மேகம் கறுத்து எழும்பினா, மழை வர்றதுக்கு முன்னாடியே அதோட அடியிலிருந்து குளிர்காத்து ஒண்ணு தரையிலிருந்து கடலுக்குப் பாயும். அஞ்சே நிமிஷத்துல 5 நாட் 25 ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடிக்குக் கீழ இருந்தா அது 10 கி.மீ.க்குள்ள வந்தாச்சு. கார்பன் ராடை நட்டு வெச்சுட்டு உட்கார்ந்திருக்காதீங்க, படுக்க வைங்க.

லூர்ல (செயற்கை இரையில) வர்ற ட்ரெபிள் கொக்கியைக் கழற்றிட்டு ஒத்தைக் கொக்கி மாட்டுங்க. வஞ்சிரத்துக்கு 30, 40 பவுண்டு கம்பி லீடர் 20 செ.மீ. போதும். மீன் மடிக்கு வர்றப்போ கயாக்குக்கு ரெண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டா நிலை கூடும். பெரிய மீனைக் கயாக் ஓரத்துல கயிறுல கட்டித் தொங்க விடாதீங்க, ரத்தம் சுறாவை வரவழைக்கும், இழுவையும் கூடும். ஐஸ் போட்ட பையில வைங்க.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ ஏறினா, தாங்கக்கூடிய சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, வெந்நீர்ல அரை மணியாவது முக்கி வெச்சா வலி அடங்கும். முள் உடைஞ்சு உள்ள இருந்தா ஆஸ்பத்திரிதான். ஒரு பிளாஸ்க் வெந்நீர் காருக்குள்ள இருக்கட்டும். கடல்பாம்பு மாட்டினா கொக்கியைக் கழற்ற முயற்சி வேண்டாம், கயிறை அறுத்து விடுங்க. அதை அறுக்கிற கத்தி ஜாக்கெட்டோட மார்புல, எந்தக் கையாலயும் எடுக்கிற மாதிரி இருக்கணும். நங்கூரக் கயிறு காலைச் சுத்தினாலும் அதுதான் உதவும்.

தண்ணி ஆளுக்கு 3 லிட்டர், ரெண்டு பொட்டலம் ஓஆர்எஸ்.

துடுப்பு மணி:

ஸ்கப்பரைப் பார்த்தேன். ஒரு கயாக்ல பின் ஸ்கப்பர் ஓரத்துல கீறல் இருக்கு, ரெண்டு வாளி ஊத்தினதும் சொட்டுது. அதைச் சரி பண்ண என்ன வழி? பெடல் கயாக் அலையில வர்றப்போ துடுப்பு கயாக் மாதிரியே வரலாமா?

ஹேட்ச் மூடி:

அது ரோட்டோ மோல்டு பாலிஎத்திலீன் என்றால் எபாக்ஸியோ ஃபெவிகுயிக்கோ ஒட்டாது, ஒட்டியது போல இருந்து கடலில் உரியும். அதே பிளாஸ்டிக் குச்சியால் சூடு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். கீறலின் இரண்டு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீறல் வெல்டைத் தாண்டி ஓடும். தண்ணீர்த்தொட்டி பழுது பார்க்கிறவர்களிடம் அந்தக் குச்சியும் கருவியும் இருக்கும். பிறகு மறுபடியும் இரண்டு வாளி. அந்த வண்டியை விற்றுவிட்டு, அடியில் பட்டையால் தாங்கும் வகையை வாங்குங்கள்.

பெடலைப் பொறுத்தவரை, உடையும் இடத்துக்கு வெளியிலேயே டிரைவை (பெடலோடு சேர்ந்த இயக்கக் கருவி) தூக்கி எடுத்து, இருக்கைக்குப் பின்னால் கட்டிவிட்டு, சுக்கானையும் தூக்கிவிட்டுத் துடுப்பால் மட்டும் வாருங்கள். மீன் செதில் போல அசையும் ஃபின் வகை டிரைவ் என்றால் ஒரு பெடலை முழுக்க முன்னால் தள்ளினால் கீழே இருப்பது வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அது ஆழமில்லாத தட்டைத் தண்ணீருக்குச் சரி, அலைக்குப் போதாது. மணலில் ஒரு தடவை குத்தினால் தண்டு வளையும். டிரைவை எடுத்த குழி வழியாக ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் ஊற்றுப் போல உங்கள் மடியில் பீச்சும். அதற்கான அடைப்பு கயாக்கோடு வந்திருக்கும், அதைப் போடுங்கள். போடாவிட்டாலும் அந்தத் தண்ணீர் கயாக்கின் வயிற்றுக்குள் போகாது, மடிதான் நனையும்.